மணிக்கு நாற்பதில் ஒரு பந்தய வீரர்

என் மாமனார் முதலில் என்னை ஃபெயில் போட்டார். அப்புறம்தான் பெண் கொடுத்தார். கல்யாணப் பேச்சுக்காக அவர் வீட்டுக்குப் போன அன்று என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி பாக்காத ஆள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்போது பார்க்கிறீர்களா என்றார். "பாக்கறேன் மாமா" என்று சொன்னேன். அந்த 'மாமா' என் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. உள்ளே இருந்து எல்லோரும் சிரித்ததில் பேச்சும் முடிந்துவிட்டது.

அவர் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர். டெஸ்டுக்கு வருகிறவர்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து, பாஸா ஃபெயிலா என்று சொல்கிற வேலை. ஊரில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. 'ஃபெயில் சார்' என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் போயிருந்தது. அதில் அவருக்கு வருத்தமே இல்லை. பாஸ் போட எவனாலும் முடியும் என்பார். காது அரித்ததென்று ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தவனையும் ஃபெயில் போட்டார், தன் மேலதிகாரியின் மச்சானையும் ஃபெயில் போட்டார். அவருக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. பஸ்ஸில்தான் போவார், அதுவும் டிரைவருக்கு நேர் பின் சீட்டில். அவர் ஏறிவிட்டால், அவர் இறங்கும் வரை டிரைவர் ஹாரன்கூட அடிக்க மாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ரிட்டயர் ஆனால் என்ன ஆகும்? வீட்டில் இருக்கிறவர்கள் தலைதான் உருளும். அத்தை, அதாவது என் மாமியார், கையில் பாத்திரத்தோடு சமையலறையிலிருந்து ஹாலுக்குத் திரும்பினால், "வளைவுல பாக்காம வர்றே" என்பார். மாடி வீட்டுப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு பிரேக் டெஸ்ட் வைத்தார். கடைசியில் கேஸ் சிலிண்டர் லாரி தெருவுக்குள் ரிவர்ஸில் வந்தபோது இவர் இறங்கிப் போய் அதன் பின்னால் நின்று, டிரைவரைக் கீழே இறங்கச் சொல்லி, ஃபெயில் என்று அறிவித்துவிட்டு வந்தார். அந்த டிரைவர் அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு வர முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். சிலிண்டரை முக்குக் கடைவரை போய் உருட்டிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அத்தை என் மனைவியிடம் அழுதார். என் மனைவி என்னிடம் வந்து, உங்க மாமாவுக்கு ஏதாவது வழி பண்ணுங்க என்றாள். நல்லது நடந்தால் 'எங்கப்பா', தலைவலி வந்தால் 'உங்க மாமா'.

எனக்கு டிவி, ரேடியோ ரிப்பேர் கடை. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. புதுப் புதுப் பெட்டிகள் வந்த பிறகு அதை யாரும் சீந்துவதில்லை. கூட ஒரே ஒரு டிஸ்க், கார் பந்தய விளையாட்டு. சும்மா பொம்மைக் கார் ஓட்டுகிற ரகம் இல்லை. டயர் தேயும், பெட்ரோல் தீரும், இஞ்சின் சூடாகிப் புகையும். ஒரு வருஷத்து நிஜப் பந்தயத் தொடரின் அணிகள், கார்கள், மைதானங்கள், வீரர்களின் பெயர்கள் எல்லாம் முறைப்படி அனுமதி வாங்கிப் போட்டது. வண்டிகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார் என்று நினைத்துக் கொண்டுபோய் அவர் வீட்டு ஹால் டிவியில் மாட்டினேன்.

மாமா முதலில் டிஸ்கின் உறையைத்தான் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் படித்தார்.

"அதிகாரபூர்வ லைசென்ஸ் பெற்றதுன்னு போட்டிருக்கே. யார் குடுத்தது?"

பந்தயத்தை நடத்துகிற சங்கம், பெயர்களை எல்லாம் பயன்படுத்திக்கொள்ள விளையாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று விளக்கினேன்.

"டெஸ்ட் வெச்சாங்களா?"

"இல்ல மாமா. இது வேற லைசென்ஸ்."

"அதென்ன வேற லைசென்ஸ்? டெஸ்ட் வெக்காம குடுத்திருக்கான். சரி, போடுங்க. பாத்துடலாம்."

மறுநாள் காலையில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்து, குளித்துத் தலை வாரி, சோபாவில் உட்கார்ந்தார். முதுகுக்கு ஒரு தலையணை. திரையின் உச்சியில் சின்னதாகப் பின்புறம் தெரியும் கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, விவரம் தெரிந்தவன்தான் செய்திருக்கிறான் என்று கம்பெனியைப் பாராட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாக் கார்களும் சீறிக்கொண்டு பறந்தன. மாமா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். நெரிசல் குறையட்டும் என்றார். குறைந்த பிறகு முதல் கியர், இரண்டாவது கியர் என்று நிதானமாகப் போட்டு மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் கிளம்பினார். அதற்கு மேல் முள் ஏறவே இல்லை.

நாற்பது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். திரையைக் காட்டினார். "ரெண்டு பக்கமும் எத்தன ஜனம் உக்காந்திருக்கு பாருங்க. மக்கள் நெருக்கமான பகுதி. வேற போர்டு இல்லன்னா நாப்பதுதான்."

காரில் சிக்னல் விளக்கு இல்லாதது அவருக்குப் பெரிய குறை. பட்டன்களை எல்லாம் அழுத்திப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் கையால் சிக்னல் காட்ட ஆரம்பித்தார். வலது பக்க வளைவு வந்தால் ஹாலில் வலது கை நீளும். இடது பக்கம் என்றால் இடது கை. முதல் நாளே டீ டம்ளர் போயிற்று, இரண்டாம் நாள் பக்கத்து ஸ்டூலில் இருந்த பீங்கான் வாத்து. முன்னணி வண்டிகள் ஒரு சுற்று முடித்துப் பின்னால் வரும்போது, வழி விடச் சொல்லி ஓரத்தில் நிற்கிறவர்கள் நீலக் கொடி காட்டுவார்கள். மாமா உடனே ஓரங்கட்டி வண்டியை நிறுத்திவிடுவார். எல்லோரும் போன பிறகு மறுபடி முதல் கியர். சும்மா வழி விடுவதோடு நிற்காமல், தாண்டிப் போகிற ஒவ்வொருவனையும் கவனித்துத் தீர்ப்பும் சொல்வார். இவன் வளைவில் முந்தினான், ஃபெயில். அவன் முன் வண்டிக்கு இடைவெளி விடவில்லை, ஃபெயில். புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவனுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவனும் ஃபெயில்.

அணியிலிருந்து ரேடியோவில் ஒரு குரல் வரும். வேகத்தைக் கூட்டு, வேகத்தைக் கூட்டு என்று பதிவு செய்து வைத்த நாலைந்து வாக்கியங்களையே திருப்பித் திருப்பிச் சொல்லும். அதற்கு மாமா வைத்த பெயர் ரேடியோக்காரன். டெஸ்ட் மைதானத்துக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே ஓட்டும் மகனைப் பார்த்துக் கத்துகிற தகப்பன்களை அவர் நிறையப் பார்த்தவர். "வெளிய நின்னு பேசறவன் பேச்சக் கேட்டா விளங்கிடும்" என்று அவனுக்கும் ஒரு பதில் சொல்லிவிட்டு நாற்பதிலேயே போவார்.

ஒரு பந்தயத்தில் மழை கொட்டியது. வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியவர்கள் பாதி, இஞ்சின் நனைந்து நின்றவர்கள் மீதி, முன்னால் போன ஐந்து பேரைத் தவிர. மாமா குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் மாதிரி ஊர்ந்து ஊர்ந்து முடித்தார். ஆறாம் இடம், ஒரு புள்ளி. அன்று அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பல் டாக்டரும் பாவம், கை குலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த பந்தயத்தில் வெயில். மாமா கடைசி. அது முடிந்ததும் திரையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மேனேஜரின் படம் வந்தது. கீழே, எங்கள் அணிக்கு இனி உங்கள் சேவை தேவையில்லை என்று எழுத்துகள் ஓடின. ஒழுங்காக ஓட்டாத வீரனை அணியை விட்டு நீக்குவது அந்த விளையாட்டில் வழக்கம். நான் அதைச் சொல்ல மறந்திருந்தேன்.

மாமா அதைச் சத்தமாக ஒருமுறை படித்தார். மனசுக்குள் ஒருமுறை படித்தார். எழுந்து போய் முழுக்கைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்றார். சர்வீஸ் முழுக்க ஒரு மெமோகூட வாங்கியதில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னாராம். நான் விழுந்தடித்துக்கொண்டு போனேன். இது விளையாட்டு மாமா, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம் என்றேன்.

"வேலய விட்டு எடுக்கறதுக்கு ஒரு முறை இருக்கு மாப்பிள்ளை. குற்றச்சாட்டு குடுக்கணும், விளக்கம் கேக்கணும், விசாரணை வெக்கணும். நான் ஒருத்தன் மேலயாவது இடிச்சேனா? அதையாவது சொல்லட்டும்."

இடிக்கவில்லைதான். பல் டாக்டர் மாமாவை வாசலில் பார்த்து, என்ன சார் இன்னிக்கு ரேஸ் இல்லையா என்று கேட்டதற்கு, லீவில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே வந்துவிட்டார். பகலில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தார். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போகிறவர்கள் இருப்பார்களே, அந்த நடை அவர் நடையில் இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் அத்தைக்குக் கோபம் மாமா மேல் இல்லை. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன் மேல். அத்தை நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். வக்கீல் வாயைத் திறந்து மூடுவதற்குள் இவர் அடித்து முடித்திருப்பார் என்று சொல்வார்கள். வீட்டுக்காரர் முகம் தொங்கிப் போயிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவர் நூலகத்துக்குப் போன ஒரு மதியம் அத்தை பெட்டியைப் போட்டார். திரையில், வேலை போன வீரருக்கு வேறொரு அணி வாய்ப்புத் தர முன்வந்திருந்தது. பட்டியலின் அடியில் கிடக்கிற உதவாக்கரை அணி. அத்தை சரி என்று அழுத்தினார்.

இது எங்களுக்குத் தெரிய வந்தது இப்படித்தான். என் மனைவி அம்மாவுக்குப் போன் செய்தாள். பின்னணியில் காதைப் பிளக்கும் சத்தம். என்னம்மா அது என்றால், மிக்ஸி என்றார். இத்தனை நேரமாக எதை அரைக்கிறார் என்று பயந்து நாங்கள் இருவரும் கிளம்பிப் போனோம். கதவு சும்மா சாத்தியிருந்தது. அத்தை சோபாவில் ஒரு காலை மடக்கிப் போட்டு, கொண்டை அவிழ்ந்து தொங்க, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு ஆள் நுழையவே இடமில்லை. அத்தை நுழைந்தார். அவர் விரல்கள் டைப் அடிக்கிற வேகத்தில் பட்டன்களில் ஓடின. ரேடியோக்காரன் அதுவரை நாங்கள் கேட்டே இராத ஒரு வாக்கியத்தைச் சொன்னான். பிரமாதம், இதே வேகத்தில் போ என்றான்.

சில வாரங்களில் அந்த உதவாக்கரை அணி ஜெயிக்க ஆரம்பித்தது. ஜெயிக்கிறவனை யார்தான் விடுவார்கள்? பழைய அணியின் கறுப்புக் கண்ணாடிக்காரன் திரும்பவும் திரையில் வந்தான். எங்கள் அணிக்கு வாருங்கள் என்றான். அத்தை காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். அதை அப்படியே மெமரி கார்டில் பதிந்து வைத்துவிட்டு, சாயந்திரம் மாமா வந்ததும், ரொம்ப நாளாச்சே, அந்தப் பெட்டியைப் போட்டுத்தான் பாருங்களேன் என்று ஒன்றும் தெரியாதவர் போலச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாங்களும் அங்கேதான் இருந்தோம்.

மாமா படித்தார். ஒரு கணம் முகத்தில் விளக்கேற்றியது போல ஒரு வெளிச்சம். "தப்ப உணர்ந்துட்டான்" என்று சொல்லிச் சரி என்று அழுத்தினார். அடுத்த கணமே அவருக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டார். எதை வைத்துக் கூப்பிடுகிறான் என்று பட்டன்களைத் தட்டிப் பழைய முடிவுகளை எடுத்துப் பார்த்தார். முதலிடம். முதலிடம். இரண்டாமிடம். மறுபடி முதலிடம். எல்லாம் அவர் பெயரில்.

"இது நான் இல்ல" என்றார். மெதுவாகத் திரும்பி அத்தையைப் பார்த்தார்.

"யார் ஓட்டினது?"

"நான்தான்."

"என் பேர்லயா?"

"அதுல உங்க பேருதான் இருந்துச்சு. எப்படி மாத்தறதுன்னு தெரியல."

"இதுக்கு ஆள்மாறாட்டம்னு பேரு. தெரியுமில்ல?"

"கோர்ட்டுல எத்தன கேஸ் டைப் அடிச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"அவன் உங்கள எடுத்தது எனக்குப் பொறுக்கல. அதான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாமாவுக்கு நெஞ்சு கனத்துப் போயிருக்க வேண்டும். ஆனாலும் கொள்கை கொள்கைதானே. தனக்குப் பதிலாக அண்ணனை டெஸ்டுக்கு அனுப்பிய ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் அவர். அப்படிப்பட்டவர் இந்த வேலையில் எப்படி நீடிப்பது? அன்றைக்கே ராஜினாமா செய்வதென்று முடிவெடுத்தார். என்னைக் கூப்பிட்டு, ராஜினாமா எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். பக்கம் பக்கமாகத் தேடினேன். டயரை மாற்றலாம், மழையை நிறுத்தலாம், சத்தத்தைக் குறைக்கலாம். ராஜினாமா மட்டும் கிடையாது. கம்பெனிக்கே போன் போடுங்கள் என்றார். இந்த டிஸ்க் வந்த காலத்துக்கு அந்தக் கம்பெனியே இப்போது இருக்குமா என்பது சந்தேகம் என்றேன். மெமரி கார்டை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே என்றதற்கு, அது சாட்சியத்தை அழிப்பது என்றார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அவர்களாக வேலையை விட்டு எடுக்க வேண்டும். அதற்காக வேண்டுமென்றே மோசமாக ஓட்டவேண்டிய அவசியம் மாமாவுக்கு வரவில்லை. வழக்கம் போல ஓட்டினார், அதுவே போதுமானதாக இருந்தது. அத்தை கதவருகில் நின்று அவர் ஓட்டுவதை முதல்முறையாக முழுப் பந்தயமும் பார்த்தார். நீலக் கொடிக்கு வண்டியை நிறுத்திவிட்டு மாமா இடது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, "இவர எடுத்ததுக்கா நான் அவன்கிட்ட சண்டைக்குப் போனேன்" என்று என் மனைவியிடம் மெல்லச் சொன்னார். கறுப்புக் கண்ணாடிக்காரன் வந்தான், நீக்கினான். மாமா நிம்மதியாக மூச்சு விட்டு, கௌரவமாக வெளியே வந்தாயிற்று என்று சொல்லி, இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து அவர் செய்த காரியத்தைத்தான் நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மறுபடி பெட்டியைப் போட்டார். புதிய வீரர் என்ற இடத்துக்குப் போனார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அத்தையின் பெயரை அடித்தார். அத்தை அடித்தால் கண் இமைப்பதற்குள் முடிந்திருக்கும், ஆனால் யாரும் குறுக்கே போகவில்லை. முடித்துவிட்டு, "உன் பேர்லயே ஓட்டு. அதுல தப்பு இல்ல" என்று கட்டுப்பாட்டுக் கருவியை அத்தை மடியில் வைத்தார்.

வைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், டெஸ்ட் வண்டியில் உட்கார்வது மாதிரியே, முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு. பந்தயம் ஆரம்பித்ததிலிருந்து, அங்கே பார், இங்கே பார், இடைவெளி விடு என்று அத்தையின் உயிரை எடுத்தார். இரண்டாவது சுற்றில் அத்தை விளையாட்டை அப்படியே நிறுத்தினார். பேசாமல் இருப்பதாக இருந்தால் உட்காருங்கள், இல்லையென்றால் நடந்துவிட்டு வாருங்கள் என்றார். மாமா வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் கால் கேட்கவில்லை. வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது கால் தரைவிரிப்பைப் போட்டு அழுத்தும், இன்ஸ்பெக்டர் பக்கத்து பிரேக் அங்கே இருக்கிற மாதிரி. அந்த இடத்தில் விரிப்பு நைந்து ஓட்டை விழுந்துவிட்டது.

அத்தைக்கு இருந்த ஒரே கஷ்டம் பிட் லேன். ஓடுகிற பாதையிலிருந்து பிரிந்து டயர் மாற்றப் போகிற சின்னப் பாதை அது. அதற்குள் நுழைந்தால் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் தண்டனை. அத்தைக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒவ்வொரு முறையும் தண்டனை வாங்கினார், கையில் இருந்த வெற்றியைக் கோட்டை விட்டார். மாமாவோ அந்தப் பாதையைப் பார்த்ததே இல்லை. நாற்பதில் போகிறவருக்கு டயர் எங்கே தேய்ந்தது, மாற்றுவதற்கு? முதல்முறை அதைப் பார்த்தபோது, வேக எல்லை எழுதிய பலகையைப் பார்த்தபோது, அவர் சோபாவிலிருந்தே எழுந்துவிட்டார். இத்தனை நாளாக இந்த ரோடு எங்கே இருந்தது என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஏற்பாடு ஒன்று உண்டாயிற்று. பிட் லேன் வாசல் வரை அத்தை. வாசலில் கருவி கை மாறும். உள்ளே மாமா. எல்லைக்கு ஒரு நூல் கூடாமல் குறையாமல் வண்டியைக் கொண்டுபோய், கோட்டுக்குள் அங்குலம் பிசகாமல் நிறுத்தி, டயர் மாற்றியதும் பின்னால் பார்த்து, கிளப்பி, வெளி வாசலில் அத்தையிடம் ஒப்படைப்பார். அவர் கையில் இருந்த வரை அந்தப் பாதையில் ஒரு தண்டனைகூட வந்ததில்லை. ஆள்மாறாட்டம் ஆயிற்றே என்று நான் கேட்க வாய் எடுத்தேன். என் மனைவி காலை மிதித்தாள்.

அந்தத் தொடரின் கடைசிப் பந்தயத்துக்கு எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அத்தை மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஒரு கார், கறுப்புக் கண்ணாடிக்காரனின் அணி. நீண்ட நேர்ப்பாதை முடிந்து வளைவு வந்தது. முந்துவதற்குப் பக்கத்தில் தாராளமாக இடம் இருந்தது. அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. நேராகப் போய் அந்தக் காரின் பின்சக்கரத்தில் ஒரு தட்டு தட்டினார். அது பம்பரம் மாதிரிச் சுற்றிச் சுற்றி, சரளைக்கற்களைத் தாண்டி, டயர்ச் சுவரில் போய்ச் செருகிக்கொண்டு நின்றது. புகை வந்தது.

அத்தை ஓரக்கண்ணால் மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்து சோபாவுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ரிமோட்ட காணோம்" என்றார். ரிமோட் அவர் மடியிலேயே இருந்தது. "என்ன ஆச்சு? ஏதோ சத்தம் கேட்டுச்சே."

"ஒண்ணுமில்ல. அந்த டீம்காரன் போய்ச் சுவத்துல மோதிக்கிட்டான்."

"அப்படியா" என்று நிமிர்ந்தார். "அவங்களுக்குக் கவனம் பத்தாது."

அத்தை அந்தத் தொடரில் சாம்பியன் ஆகவில்லை, மொத்தத்தில் மூன்றாமிடம். அது அவருக்குப் போதவில்லை. அடுத்த தொடர் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. புது விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனால் பந்தயத்தின் நடுவில் கதவைத் திறக்கமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று உள்ளே கேட்கிற இஞ்சின் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருப்போம். சத்தம் சட்டென்று தணிந்து சீராக உறுமினால் வண்டி பிட் லேனுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதுதான் மணி அடிப்போம். அந்தக் கொஞ்ச நேரம்தான் அத்தையின் கை சும்மா இருக்கும்.